இன்னும் ஒருத்தன் வரட்டும்

"கோழி வறுவல் பக்கத்துல பால் தம்ளர் எதுக்குடா?"

அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த கார்ட்டூனைப் பார்த்து மில்டன் ஸ்லாட்னிக் கேட்டதும் அதை வரைந்த எல்மர் ராத் திருதிருவென்று விழித்தான். யூத வழக்கப்படி கறியும் பாலும் ஒரே மேஜைக்கு வராத வீடு அது. யூத மாணவர்களின் சகோதர சங்க விடுதி. மில்டன் அதன் தலைவன், பட்டாளத்தில் சார்ஜெண்டாக இருந்து திரும்பியவன்.

எல்மரோ யூதனே இல்லை. போர் முடிந்து பட்டாளத்துப் பையன்கள் மொத்தப் பேரும் ஒரே நேரத்தில் கல்லூரிக்குப் படையெடுத்ததில், ஓஹையோவில் படுக்க இடம் கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது. உடற்பயிற்சிக் கூடத்தில் இருநூறு பேரோடு கிடந்தவனின் பெயரைப் பட்டியலில் பார்த்த மில்டன், "ராத்தா? நம்ம ஆளுதான்!" என்று கூட்டி வந்துவிட்டான். எல்மர் வாயைத் திறக்கவில்லை. நல்ல மெத்தை, சூடான சூப். யார்தான் திறப்பார்கள்?

"அது பால் இல்ல மில்டன், பீர்."

"அப்ப பீர்னு எழுதிடு."

எழுதினான். படத்தில் சமையல்கார மிசஸ் பின்ஸ்கரின் கையிலும் அதே தம்ளர் இருந்ததை மறந்துபோனான்.

"என்னைக் குடிகாரி ஆக்கிட்டியேடா, படுபாவி!" என்று அந்த அம்மாள் கரண்டியோடு வந்து நின்றாள். அன்று அவன் சூப்பில் மட்டும் மாவு உருண்டை இல்லை.

அவளைச் சமாதானப்படுத்த, அவள் ஹனுக்கா பண்டிகை விளக்கை ஏற்றுவது போல் புதுப் படம் போட்டான். விளக்கில் எத்தனை சுடர் என்று யாரிடம் கேட்பது? கேட்டால் குட்டு உடைந்துவிடும். குறைந்துவிடக் கூடாதே என்று பன்னிரண்டாக வரைந்து வைத்தான்.

அறைத் தோழன் நேட் கராசிக் படத்தின்மேல் விரல் வைத்து எண்ணினான். ஒன்பதில் விரல் நின்றது; நிஜ விளக்கில் அவ்வளவுதான். மிச்சம் மூன்றைப் பார்த்தான், மில்டனைப் பார்த்தான். இரண்டு பேரும் விடுவிடென்று வெளியே போனார்கள். யாரோ இருமுவது கேட்டது. இருமலா வேறு ஏதாவதா என்று எல்மருக்குப் புரியவில்லை.

அதன் பிறகு அவனுக்குத் தொட்டதெல்லாம் சந்தேகம். முக்கியமாக அந்தச் சாயங்கால எண்ணிக்கை. நேட்டின் அப்பா கோடையில் இறந்திருந்தார். அவருக்காக அவன் தினமும் சொல்லும் ஜெபத்துக்குப் பத்து யூத ஆண்கள் கூடியிருக்க வேண்டும். எல்மரும் தொப்பி வைத்துக்கொண்டு நின்று உதட்டை அசைப்பான். பத்துப் பேர் சேர்ந்த பிறகும் மில்டன் வாசலைப் பார்த்து, "இன்னும் ஒருத்தன் வரட்டும்" என்பான்.

யார் அந்த ஒருத்தன்? தன்னைக் கையும் களவுமாகப் பிடிக்க வரும் மேலிடத்து ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று எல்மர் முடிவு கட்டினான்.

விடுமுறைக்கு வீடு பாதி காலியான அன்று பனி கொட்டியது. கூடத்தில் எல்மரையும் சேர்த்துச் சரியாகப் பத்து ஆண்கள். மில்டன் போனை எடுத்துக் குரலைத் தாழ்த்தினான்.

"உடனே வாங்க. ஆமா, அவனும் இங்கதான் இருக்கான்."

எல்மர் அப்போதே மாடிக்கு ஓடிப் பெட்டியைக் கட்டியிருப்பான். நேட்டின் முகம்தான் தடுத்தது.

"வெளிச்சம் இறங்குது மில்டன், ஜெப நேரம் தாண்டிடும்," என்றான் நேட். "அப்பாவுக்கு ஒரு நாள்கூட விட்டதில்ல."

எல்மருக்குத் தாங்கவில்லை. மெத்தை போனால் போகிறது.

"நிறுத்துங்க! நாம பத்துப் பேர் இல்ல, ஒன்பதுதான். நான் யூதன் இல்ல. பென்சில்வேனியாவுல லூத்தரன் சர்ச்சுல பாட்டுப் பாடின பையன். நேட், இத்தனை நாளும் உங்கப்பாவோட ஜெபத்தைக் கெடுத்துட்டேன். மன்னிச்சிடுடா. நான் பழைய இடத்துக்கே போயிடறேன்."

மிசஸ் பின்ஸ்கர் ஏப்ரனால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவமானத்தில் எல்மருக்குக் கண் கலங்கியது.

கதவு திறந்தது. தெருமுனை மருந்துக்கடைக்காரர் ஃபைகன்பாம் மூச்சிரைக்கப் பனியை உதறிக்கொண்டு உள்ளே வந்து, ஒவ்வொரு தலையாக எண்ணினார்.

"எல்மரும் இருக்கானா? அப்ப என்னோட பதினொண்ணு ஆச்சு. ஆரம்பிங்கப்பா! இவன் வந்த நாள்லேர்ந்து அதானே நம்ம கணக்கு?"