அடைக்கலமேரியை அழைத்துப்போகவும்

இயேசு மரி சூசை துணை

அன்பும் பொறுமையும் நிறைந்த அத்தை அவர்களுக்கு (பொறுமை இனிமேல்தான் தேவைப்படும்), மருமகள் ரெஜினா பணிந்து எழுதுவது. நன்னிலத்தில் நானும் உங்கள் மகனும் கைக்குழந்தையும் சுகம். உங்கள் மகள் அடைக்கலமேரி அளவுக்கு மீறிய சுகம்.

மடத்துக்குப் போயிருந்தால் ஓர் அங்கி, ஒரு முக்காடு, ஊரும் கும்பிட்டு விலகியிருக்கும். இவளோ எல்லாரையும்போல் சேலை கட்டி, நர்ஸ் வேலை பார்த்து, என் வீட்டில் இருந்தபடியே, கடைசிவரை கன்னியாகவே இருப்பதாக ஆண்டவருக்கு வார்த்தைப்பாடு கொடுத்திருக்கிறாள். அதை ஊருக்குச் சொல்லவும் கூடாதாம். "மாவுல புளிப்பு மாதிரி மறைஞ்சு இருக்கணும் அண்ணி" என்கிறாள். புளிப்பு அவள், பொங்கி வழிவது நான். கல்யாணம் ஆச்சா என்று கேட்டவர்களிடம், "நான் ஒருத்தருக்குச் சொந்தமாயிட்டேங்க" என்று சிரித்துவைத்தாள். விரலில் வார்த்தைப்பாட்டு மோதிரம் இருக்கிறது, கழுத்தில் தாலி இல்லை, கோயிலில் கல்யாண ஓலையும் வாசிக்கவில்லை. ஊர் வாய்க்குப் போதாதா? இந்த நேரம் பார்த்துக் கூலி நெல் கூட்டிக் கேட்டு அறுப்பு நின்றது, போலீஸ் தடி பேசியது, உடைந்த மண்டைக்கெல்லாம் இவள் கட்டுப்போட்டாள், கூலிக்காரர் சங்கத்து இளையபெருமாள் துணைக்கு வந்து வாசலில் விட்டுப் போனார். மறுநாளே எதிர்வீட்டு மங்களாம்பிகை, "சுயமரியாதைக் கல்யாணம்னா விருந்துகூடக் கெடையாதா ரெஜினா?" என்கிறாள்! அதுதான் இப்போது சட்டப்படி செல்லுமாமே. பங்குச் சாமியாரும் வந்து, "என் காதுக்கு வராம ஒரு கல்யாணமா?" என்று காப்பியைத் தொடாமல் போனார். உண்மையைச் சொல்ல வாயெடுத்தால் இவள் கண்ணாலேயே கெஞ்சுகிறாள். உங்கள் மகனோ செய்தித்தாளுக்குப் பின்னால் துறவறம் பூண்டுவிட்டார்.

வீட்டுக்காரர் மிராசுதார் துரைராசு முறைத்துக்கொண்டு போகிறார். அவர் துரத்தினால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவேன்? ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து உங்கள் மகளை அழைத்துப்போய்விடுங்கள்.

மாமாவின் மூச்சிரைப்பு தணிய அடைக்கலமேரி ஜெபிக்கிறாள். அவள் ஜெபம் எனக்குத்தான் பலிப்பதில்லை.

கீழ்ப்படிதலுள்ள
ரெஜினா

பின்குறிப்பு: காலையில் துரைராசு வந்தார். "அந்தப் பொண்ண அனுப்புங்க, இல்லாட்டி வீட்டக் காலி பண்ணுங்க" என்றார். உள்ளே இவள் சத்தமில்லாமல் பெட்டி கட்டத் தொடங்கிவிட்டாள். என் வாய் பி.ஏ. படித்த வாயல்லவா, என்னைக் கேட்காமலே, "சாவிய எப்பக் குடுக்கணும் சார்?" என்றது. இவளிடம் மண்டைக்குக் கட்டுப்போட்டுக்கொண்டவர்களில் ஒருவரின் மனைவி அமிர்தம், அவர்கள் தெருவிலேயே கூரைவீடு ஒன்று பார்த்திருக்கிறாள். வேறு இன்லண்டு கவர் இல்லாததால் இதையே அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை அவசியம் வாருங்கள். அழைத்துப்போக அல்ல, சாமான் தூக்க.