தக்காளி அடைத்த நாளில் தயானி சொன்ன பொய்

முதல் போத்தல் வெடித்தபோது தயானி அசையவில்லை. அண்டாவில் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீர் சிவந்தது.

"ஆரோ தொடக்கூடாதவள் தொட்டிருக்கிறாள்!" என்று அலறினாள் யோகாம்பாள். தயானியின் புருசனுக்கு மூத்த அக்கா. வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம்.

இத்தாலியில், அல்பெர்கேரியாப் பகுதியின் அந்த மொட்டைமாடியில் ஆகஸ்ட் வந்தால் தக்காளிச் சாறு காய்ச்சிப் போத்தலில் அடைத்து, வருசத்துக்கும் கெடாதபடி அண்டாவில் அவிப்பார்கள். யோகாம்பாள் வேலைக்குப் போன வீட்டு எசமானியிடம், அந்தச் சிஞ்ஞோராவிடம், பழகியது. மாதவிலக்கான பெண் தொட்டால் சாறு கெட்டுவிடும் என்பதையும் அந்தச் சிஞ்ஞோராதான் சொன்னாள். ஊரில் ஊறுகாய்ப் பானைக்கும் இதே கதைதான் என்பதால், இத்தாலிக்காரி சொன்னது வேதமாகிவிட்டது.

அன்று காலை மாடிப்படியில் யோகாம்பாள் மறித்தாள்.

"நீ சுத்தம்தானே?"

"ஓம் மச்சாள்."

பச்சைப் பொய். யுத்தம் முடிந்த பிறகு கலியாணம் கட்டி வந்தவள் தயானி. வன்னியில் மாதாமாதம் கொல்லைப்புறத்தில் தனிப் பாய், தனிக் கோப்பை என்று கிடந்தவள். இன்றைக்கு ஒருமுறை தலையாட்டினால் இங்கேயும் அந்தப் பாயை விரித்துவிடுவார்கள். விரிக்க விடுவதாயில்லை.

முதல் போத்தல் வெடித்ததும், கொதி கூடிவிட்டதென்று யோகாம்பாள் ஒரு வாளி பச்சைத்தண்ணீரை அண்டாவில் ஊற்றினாள். சூட்டில் குளிர் பட்டு நாலு போத்தல் ஒன்றாய்ப் போயின.

"தீட்டடி, தீட்டு!" என்று யோகாம்பாள் ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரைக் கொட்டினாள். அதுவும் பச்சைத்தண்ணீர்தான். இன்னும் இரண்டு போயின.

சத்தம் கேட்டு ஓடிவந்தான் தயானியின் புருசன் சாந்தரூபன். "அக்கா, போத்தலுக்கிடையிலை பழந்துணி சுத்தி வைக்கிறதெல்லே?"

"ஆர் எந்த நாளிலை உடுத்த சீலையோ எண்டு நான்தான் எல்லாத்தையும் எறிஞ்சனான். ஆம்பிளையளுக்கு இஞ்சை என்ன வேலை? கீழை போ!"

போனான்.

யோகாம்பாள் மாடியில் நின்ற பெண்கள் பக்கம் திரும்பினாள். "இப்ப எல்லாரும் சாமிப் படத்திலை கை வைச்சுச் சொல்லுங்கோ. ஆர்?"

தயானி கையைத் துடைத்தாள். "படத்தை ஏன் கஷ்டப்படுத்துறியள்? நான்தான். போத்தலைத் தொட்டனான், உப்பைத் தொட்டனான், விடிய உங்கட தம்பிக்குச் சாப்பாடும் போட்டனான். அவர் இன்னும் வெடிக்கேல்லை."

"என்னடி வாய் இது!"

"பாய் விரிக்கிறதெண்டால் விரியுங்கோ. நான் படுக்க மாட்டன். நீங்களே படுங்கோ."

யோகாம்பாள் மஞ்சள் தண்ணீர்ச் செம்பை மறுபடி நிரப்பப் போனாள்.

காலையிலிருந்து மூலையில் பேசாமல் தக்காளி வெட்டிக்கொண்டிருந்த யோகாம்பாளின் தங்கச்சி அம்பிகை, கத்தியைக் கீழே வைத்தாள்.

"விடு தயானி. அக்கா இண்டைக்குக் காலமை என்னட்டைத்தான் தீட்டுக்கெண்டு பாட் வாங்கினவ. படியிலை நிண்டு எல்லாரையும் கேக்கிறது, தன்னை ஒருத்தரும் கேக்கக்கூடாதெண்டுதான்."