டெக்சாஸ் சட்டமும் டேட்டன் வீடும்

திவாலானவர்களிடம் எங்கள் நாடு காட்டும் கருணைக்கு உலகில் ஈடு கிடையாது. கடன் கொடுத்தவர்கள் எல்லாவற்றையும் பிடுங்கிவிட முடியாது. வீடு, வண்டி, கட்டில் என்று சிலவற்றுக்கு 'விலக்கு' உண்டு. எதற்கு, எவ்வளவு என்பதை அந்தந்த மாநிலச் சட்டம் சொல்லும். ஒஹாயோவில், டேட்டன் நகரத்தில், இந்தக் கருணையை அளந்து ஊற்றும் அலுவலகத்தில் எனக்கு எழுத்தர் வேலை.

லொரீனா ஹக்கபி டெக்சாஸ்காரர். அங்கிருந்த வீட்டை விற்றுவிட்டு, ஒன்றரை வருடத்துக்கு முன் கணவர் டேலுடன் இங்கே வந்து ஒரு சின்ன வீடு வாங்கினார். கூரை போடும் வேலைக்கு டேலைக் கூப்பிட்டவர் ஹாலிஸ்டர் என்ற கட்டட முதலாளி. டேல் கூரையிலிருந்து விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார். முதலாளியிடமிருந்து கூலிப் பாக்கி வரவில்லை. ஆஸ்பத்திரி பில் தவறாமல் வந்தது. லொரீனா திவால் மனுவோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்.

எங்கள் அதிகாரி ஃபின்லி மிகுந்த மரியாதையோடு விளக்கினார்.

"மேடம், நீங்க இங்க வந்து ரெண்டு வருஷம் ஆகல. அதனால உங்களுக்குப் பழைய ஊர்ச் சட்டம்தான்."

"நல்லதாப் போச்சு. டெக்சாஸ்ல வீட்ட யாரும் தொட முடியாதே."

"முடியாதுதான். வீடு டெக்சாஸ்ல இருந்தா."

"அப்ப இந்த ஊர்ச் சட்டம்?"

"அது இந்த ஊர்க்காரங்களுக்கு."

"அப்ப நான் எந்த ஊர்க்காரி, கண்ணு?"

ஃபின்லி புத்தகத்தைப் புரட்டினார். "பன்னெண்டு மாடு வரைக்கும் நீங்க வச்சுக்கலாம்."

"எங்கிட்ட மாடு இல்லையே."

"அதுக்குச் சட்டம் என்ன பண்ணும்? இன்னும் ஆறு மாசம் பொறுத்து வந்திருந்தா வீடும் உங்களுக்கே நின்னிருக்கும்."

"ஆஸ்பத்திரி வக்கீல் ஆறு நாள்கூடப் பொறுக்கலியே."

நீதிபதியும் ஃபின்லி சொன்னதையே இன்னும் அழகான மொழியில் சொன்னார். வீடு ஏலம் போனது. காலி செய்யும் நாளில் மேற்பார்வைக்கு நான் போயிருந்தேன். டேல் பிடித்து நடக்கக் குளியலறைச் சுவரில் லொரீனாவே பொருத்திய கம்பிகள் இருந்தன.

"இத மட்டும் கழட்டிக்கவா?"

சுவரில் திருகியது வீட்டைச் சேர்ந்தது என்பது விதி. நான் ஜன்னல் வழியாகத் தெருவின் அழகை ரசிக்கத் தொடங்கினேன். திருகு கழலும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

கூலிப் பாக்கி கேட்டு அதே மாதம் ஹாலிஸ்டரைத் தேடினார் லொரீனா. அவரும் திவால், ஆனால் டெக்சாஸில். தொழில் ஆட்டம் காணும் முன்பே, ஐந்து வருடத்துக்கு முன், அங்கே ஏரியைப் பார்த்தபடி ஒரு மாளிகை வாங்கிக் குடியேறி, போனிலேயே இங்கே வேலை வாங்கியிருக்கிறார். மாளிகையில் ஒரு செங்கல்லைக்கூட யாரும் தொட முடியாது. டேலின் கூலியும் அதற்குள்தான் இருக்கிறது.

"அவர் மட்டும் எப்படித் தப்பிச்சார்?" என்று லொரீனா ஃபின்லியிடம் கேட்டார்.

"பொறுமை, மேடம். காலம் கனியற வரைக்கும் காத்திருந்தார்."

பொறுத்தார் பூமி ஆள்வார். பூமி இருந்தவர் பொறுத்தார். பொறுக்க முடியாதவரின் பூமியை நாங்கள் விற்றோம்.