பிடரி பார்த்துத் தூக்கிய கை

மனசாட்சிக்காகக் கட்சியையே எதிர்த்தவள் என்று எங்கள் ஊரில் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. அதை மறுக்காமல் இத்தனை வருடம் சுகமாக இருந்துவிட்டேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் எதிர்த்தது ஆள் தெரியாமல்.

மதுரையிலிருந்து உசிலம்பட்டி போகும் டவுன் பஸ் நின்று போகிற பேரூராட்சி எங்களுடையது. (பெயர் வேண்டாம். அன்றைய தலைவர் இன்னும் அரசியலில்தான் இருக்கிறார்.) எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியதும், இருபது வருடமாகக் கட்சிக்குக் கொடி கட்டிய என் வீட்டுக்காரர் இடிந்துபோய் உட்கார்ந்தார். மறுநாள் தெளிந்து, "நீ நில்லு வேணி, பேச்சையெல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்றார். நின்றேன், ஜெயித்தேன். மன்றக் கூட்டத்துக்குள் வீட்டுக்காரர்களை விடமாட்டார்கள் என்பது எங்கள் இருவருக்கும் அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

முதல் கூட்டத்துக்குப் போகும்போது வாசலில் வைத்து ஒரே ஒரு பாடம் நடத்தினார். "ஒனக்கு முன்னால தவமணி அண்ணன் உக்காந்திருப்பாரு. மூணு தடவ கவுன்சிலரு. அவரு கையத் தூக்குனா நீயும் தூக்கு. அம்புட்டுத்தான் அரசியலு."

அப்படியே செய்தேன். செயல் அலுவலர் தீர்மானத்தை வாசிப்பார். நான் தவமணி அண்ணனின் பிடரியைப் பார்த்துக்கொண்டு, சாயங்காலம் இட்லிக்கு ஊறப்போட வேண்டிய உளுந்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பேன். கை உயரும், நானும் உயர்த்துவேன். தெருவிளக்கு, சாக்கடை, பாராட்டு, கண்டனம் எல்லாவற்றுக்கும் இப்படித்தான். ஒருமுறை அவர் தலையைச் சொறிந்ததற்கும் தூக்கியிருக்கிறேன். கட்சியில் என்னை 'விசுவாசமான பிள்ளை' என்றார்கள்.

எங்கள் பக்கம் எட்டுப் பேர், எதிர்ப்பக்கம் ஏழு. அந்தச் சித்திரை மாதக் கூட்டத்தில் எதிர்ப்பக்கத்து மின்விசிறி நின்றுபோனது. தவமணி அண்ணன் ஏதோ காதுகுத்துக்குப் போய்விட்டு வரத் தாமதமாகவே, எதிர்க்கட்சியின் செல்வராசு காற்றுக்காக எழுந்து வந்து அவருடைய நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு வந்த தவமணி அண்ணன் எனக்குப் பின்னால் உட்கார்ந்தார். இது எதையும் நான் கவனிக்கவில்லை. இருவருக்கும் அதே வெள்ளைச் சட்டை, அதே வழுக்கை. கட்சிக் கரை வேட்டி இடுப்புக்குக் கீழே அல்லவா இருக்கிறது? நான் பார்ப்பது கழுத்துக்கு மேலே.

தீர்மானம் வாசித்தார்கள். "ஆதரிப்பவர்கள்" என்றார் தலைவர். எனக்கு முன்னால் அசைவே இல்லை. நானும் அசையவில்லை. "எதிர்ப்பவர்கள்" என்றதும் முன்னால் கை உயர்ந்தது. நானும் உயர்த்தினேன்.

பின்னாலிருந்து, "தாயி! ஏ தாயி! கைய..." என்று ஒரு குரல் பதறியது. கை சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து இன்னும் நன்றாக, தோள்பட்டை வலிக்கத் தூக்கினேன்.

எட்டுக்கு ஏழு. தீர்மானம் தோற்றது. செல்வராசு திரும்பி என்னைக் கும்பிட்டார். அப்போதுதான் அந்தப் பிடரிக்கு முன்பக்கம் ஒரு மீசை இருப்பதைப் பார்த்தேன். தவமணி அண்ணனுக்கு மீசை கிடையாது.

நான் வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. "இருவது வருசக் கொடிய ஒரே கையில சாச்சுட்டியேடி" என்று என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்தார். வெளியே எதிர்க்கட்சியினர் 'வீரப்பெண்மணி வாழ்க' என்று சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். (என் படம் கிடைக்காமல், வாக்காளர் அட்டையில் இருக்கும் படத்தை எங்கிருந்தோ பிடித்துப் போட்டிருந்தார்கள். வீரத்துக்கும் அந்த முகத்துக்கும் சம்பந்தமே இல்லை.)

மறுநாள் கட்சியின் பேரூர்ச் செயலாளர் வந்தார். தாளை நீட்டி, "தவறுதலா கை தூக்கிட்டேன்னு எழுதிக் குடும்மா. அடுத்த கூட்டத்துல திரும்பக் கொண்டுவந்து முடிச்சுருவோம்" என்றார். எனக்கு உயிர் வந்தது. முழுக்க முழுக்க உண்மைதானே! எழுத உட்கார்ந்தேன்.

அப்போது வாசலில் வந்து நின்றவர், புதன்கிழமைச் சந்தையில் கத்தரிக்காய் விற்கும் பஞ்சவர்ணம் அக்கா. ஒரு பை நிறையக் காயை இறக்கிவைத்தார்.

"எங்க சந்தைய நீதான் காப்பாத்துனியாம்ல?"

எந்தச் சந்தை என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். அவரே சொன்னார். ஊர் நடுவில் இருக்கும் சந்தையை ஊருக்கு வெளியே, பைபாஸ் ஓரத்துக்கு மாற்றுவதுதான் அந்தத் தீர்மானம். பக்கத்தில் தலைவரின் மச்சானுடைய நிலம். "தலைச்சுமையோட அம்புட்டு தூரம் நாங்க எப்பிடித்தா போறது? போனாலும் எவ வருவா வாங்க?"

என் வார்டுச் சந்தை. நான் வாரம் தவறாமல் போகும் சந்தை. அதை மூடும் தீர்மானத்தைக் காதால் கேட்டபடி உளுந்தைப் பற்றி யோசித்திருக்கிறேன். கூசிப்போனது.

அவரைச் சமையல்கட்டுக்கு அழைத்துப் போய் மெதுவாகச் சொன்னேன். "அக்கா, நெசத்தச் சொல்லட்டா? ஆள மாத்திப் பாத்துத் தூக்கிட்டேன்."

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தெரியாமத் தூக்குனா என்ன? இப்பத்தான் தெரிஞ்சுபோச்சுல்ல. எறக்காம இரு, போதும்."

திரும்பி வந்து, 'நன்றாக யோசித்துத்தான் கை தூக்கினேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் நேர்மையான அரசியல் ஒரு முழுப் பொய்யோடு தொடங்கியது.

கட்சியிலிருந்து தற்காலிகமாக நீக்கினார்கள். வீட்டுக்காரர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எட்டாம் நாள் சந்தைக்குப் போனவர், கேட்காமலே கறிவேப்பிலையும் மரியாதையும் கிடைத்ததால் மனம் மாறி வந்தார். அடுத்த கூட்டத்தில் தீர்மானத்தை மறுபடி கொண்டுவந்தார்கள். இந்தமுறை ஒவ்வொரு வரியையும் கேட்டேன். யார் பிடரியையும் பார்க்காமல் தூக்கினேன். மறுபடி தோற்றது. ஏழு பேரை வைத்துக்கொண்டு ஒரு குழாய் பதிக்கக்கூட முடியாது என்று தெரிந்ததும், கட்சி என்னைச் சால்வை போட்டுத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. சந்தை அதே இடத்தில் நடக்கிறது.

சென்ற ஆண்டு என் மகளைப் பெண் பார்க்கக் கோச்சடையிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை கூச்சத்தில் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார். "பையனப் பிடிச்சிருக்காத்தா?" என்று சபையில் கேட்டார்கள்.

"கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பச் சொல்லுங்க" என்றாள், வீட்டுக்குள் என் கதையைக் கேட்டே வளர்ந்த மகள். "எங்கம்மா மாதிரி பிடரியப் பாத்து நான் ஓட்டுப் போட முடியாது."

முதலில் சிரித்தவர் மாப்பிள்ளைதான். திரும்பினார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.