நாட்டுப் பாட்டு

ஸ்ரனிஸ்லாஸ் நோட்டீசை இரண்டு தரம் வாசித்தார்.

‘தாய்நாட்டின் பாடல்கள்’ என்று சிவப்பெழுத்தில் போட்டு, ஓரத்தில் ஒரு பனைமரத்தை நட்டு, நடுவில் அவருடைய மகள் தர்ஷனாவின் படத்தை வைத்திருந்தார்கள். அசல் படத்தில் அவள் அகலமான தொப்பி ஒன்று போட்டிருந்தாள். தொப்பியை யாரோ கம்ப்யூட்டரில் அழித்துவிட்டு மல்லிகைப்பூச் சூட்டியிருந்தார்கள்.

“சிவானந்தன் அண்ணை, இது என்ன வேலை?”

டென்மார்க்கின் சில்க்போர்க் தமிழ்ச் சங்கத்தின் தலைவர் சிவானந்தன் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். “ஏன் காணும்? பிள்ளை நாட்டுப் பாட்டுப் பாடி சீடி விட்டிருக்கு எண்டு நீர்தானே சொன்னனீர்?”

சொன்னது உண்மை. நாக்கு செய்த வேலைக்கு ஆளைப் பிடித்துக் கட்டிவைத்து என்ன பயன்.

நடந்தது இதுதான். ஸ்ரனிஸ்லாஸ் வேலை செய்யும் பன்றியிறைச்சித் தொழிற்சாலையின் சாப்பாட்டறையில், மேற்பார்வையாளன் ஒரு டேனிஷ் பத்திரிகையை அவர் முன்னால் விரித்து, “இது உன் மகள்தானே?” என்று கேட்டான். அவளேதான். கையில் கித்தார். ‘பழைய வழியை விடாத கண்ட்ரி பாடகியின் நம்பிக்கை தரும் முதல் ஆல்பம்’ என்று எழுதி நாலு நட்சத்திரமும் கொடுத்திருந்தார்கள். பெற்ற தகப்பனுக்கு மகள் ஆல்பம் விட்ட செய்தி இப்படித்தான் வந்து சேர்ந்தது. அவருக்குப் பெருமையாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது. இரண்டையும் பாண் துண்டோடு சேர்த்து விழுங்கினார்.

அப்பனும் மகளும் கதைப்பதில்லை. போன மாரிக் குளிரில் மனைவி ஜெசிந்தா புற்றுநோயில் போய்ச் சேர்ந்தாள். அதன்பிறகு தர்ஷனா தாதிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, மேல் அறையில் இருந்து கித்தாரை மீட்டத் தொடங்கினாள். ஒரு நாள் ஸ்ரனிஸ்லாஸ் மாடிப்படிக்குக் கீழே நின்று, “செத்த வீட்டில ஆரும் பாட்டுப் படிப்பினமோ?” என்று கத்தினார். அவள் கித்தாரை நிறுத்தினாள். பெரிய வெள்ளிக்கு முதல் கித்தாரையும் தூக்கிக்கொண்டு ஓகூஸ் நகரத்துக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சுக் குரல் என்றால் வானொலிதான்.

ஆல்பத்தை அவர் போனில் ஒருமுறை போட்டுப் பார்த்தார். முதல் வரி வந்ததும் நிறுத்திவிட்டார். ஆங்கிலம் விளங்கவில்லை என்பதற்காக அல்ல. குரல் அப்படியே ஜெசிந்தாவின் குரல்.

ஆனாலும் ஊருக்குச் சொல்லாமல் இருக்க முடியுமா? சிவானந்தனிடம் சொன்னார். “கண்ட்ரி எண்டால் என்ன காணும்?” என்று சிவானந்தன் கேட்டார். கண்ட்ரி என்றால் நாடு. “நாட்டுப் பாட்டு” என்றார் ஸ்ரனிஸ்லாஸ். சிவானந்தன் அந்த இடத்திலேயே மண்டபம் பிடித்து விழா வைப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டார். அதன் விளைவுதான் இப்போது பனைமரமாக நின்றது.

“அண்ணை, நான் பிறகுதான் விசாரிச்சனான், அது தாய்நாட்டைப் பற்றின பாட்டு இல்லை. இது அமெரிக்காவில, மாடு மேய்க்கிற ஆக்களின்ர பாட்டு.”

தேத்தண்ணி கொண்டுவந்த சிவானந்தனின் மனைவி பரமேஸ்வரி அப்படியே நின்றுவிட்டாள்.

“கண்ணன் பாட்டோ?”

“ஐயோ இல்லை அக்கா. இவை குதிரையில போற ஆக்கள்.”

“குதிரை எண்டால் தேர். தேர் எண்டால் கீதை.” பரமேஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது. “யேசுவைக் கும்பிடுற வேதக்காரப் பிள்ளை எங்கட கண்ணனைப் பாடுது. ஜெசிந்தா இருந்து பாக்கக் குடுத்து வைக்கேல்லையே.”

மனைவியின் பெயரைக் கேட்டபின் ஸ்ரனிஸ்லாசுக்கு அவளைத் திருத்த மனம் வரவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வந்துவிட்டார். அவர் வீடு வந்து சேருவதற்குள் பரமேஸ்வரி கோலாட்டத்துக்குப் பிள்ளைகளைத் திரட்டி முடித்திருந்தாள்.

அடுத்த நாள் ஜெசிந்தாவின் தங்கை விக்ரோரியா போன் எடுத்தாள். தேவாலயப் பாடகர் குழுவை நடத்துகிறவள் அவள்தான். குரலில் இடி முழங்கியது.

“அத்தான், அக்கா செத்து ஒரு வருஷம்கூட ஆகேல்ல. அதுக்கிடையில பிள்ளையை மதம் மாத்திப்போட்டியளோ?”

“ஆர் சொன்னது?”

“ஊரே சொல்லுது. தர்ஷனா கண்ணன் பாட்டுப் படிக்கிறாளாம். பின்னால கோலாட்டமாம்.”

“இல்லைப் பிள்ளை, நான் சொன்னது மாடு மேய்க்கிறவன். கண்ணன் இல்லை. சும்மா ஒரு மேய்ப்பன்…”

விக்ரோரியாவின் குரல் இறங்கியது.

“நல்ல மேய்ப்பனோ?”

ஸ்ரனிஸ்லாஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

“இதை முதலே சொல்லியிருக்கலாமே அத்தான்! எங்கட குழு முழுக்க வெள்ளைச் சீலையோட வருவம். பின்பாட்டுக்கு ஆள் வேணும்தானே?”

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்கள். இவர் பிடித்ததில் கண்ணனும் வந்தார், யேசுவும் வந்தார். மகளைத்தான் காணவில்லை.

நிகழ்ச்சியை நிறுத்திவிடலாம் என்று அவர் நினைக்காமல் இல்லை. ஆனால் அதற்குள் விக்ரோரியா தர்ஷனாவுக்குச் செய்தி அனுப்பி, வந்த பதிலை அவருக்கு வாசித்தும் காட்டிவிட்டாள். ‘வாறன். ஆனா என்ர பாட்டைத்தான் பாடுவன். ஒரு சொல்லும் மாத்த மாட்டன்.’ ஸ்ரனிஸ்லாசின் காதில் விழுந்தது முதல் சொல் மட்டும்தான். நிகழ்ச்சி இல்லையென்றால் அவள் வரமாட்டாள். வந்து, சனம் அவளை அவமானப்படுத்தினால் பிறகு ஒருநாளும் வரமாட்டாள். இரண்டுக்கும் நடுவில் நின்று மேல் அறைக் கட்டிலுக்குப் புது விரிப்பு விரித்தார். நண்டு வாங்கிக் கறியும் வைத்தார். உப்பு கூடிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மண்டபம் நிறைந்திருந்தது. மேடையின் இடப்பக்கம் மாலை போட்ட கண்ணன். வலப்பக்கம் ஆட்டுக்குட்டியைத் தோளில் சுமந்த யேசு. நடுவில் அட்டையில் வெட்டிய பனைமரம். ஒரு பக்கம் கோலாட்டப் பிள்ளைகள் தடிகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுபக்கம் வெள்ளைச் சீலைகள் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தன.

தர்ஷனா தொப்பியும் கணுக்காலை மூடிய தோல் சப்பாத்துமாக வந்து இறங்கினாள். கூட நிக்கலஸ் என்ற டேனிஷ் பையன், நாலு காலில் நிற்கும் ஒரு வாத்தியத்தைச் சுமந்து வந்து நட்டான். படுக்கப்போட்ட கித்தார் அது.

“அயன் பண்ணுற மேசையை ஏன் கொண்டுவந்தவன்?” என்று பரமேஸ்வரி கிசுகிசுத்தாள்.

தர்ஷனா கண்ணனைப் பார்த்தாள், யேசுவைப் பார்த்தாள், பனையைப் பார்த்தாள், கடைசியில் தகப்பனைப் பார்த்தாள்.

“ஹாய் ஃபா” என்றாள். டேனிஷில் அப்பாவுக்கு ஃபா. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. மெலிந்திருந்தாள். ‘சாப்பிட்டியா?’ என்று கேட்க வாயெடுத்தார். அதற்குள் அவள் மேடைக்கு ஏறிவிட்டாள்.

அவள் பாடத் தொடங்கினாள். சொற்களை இழுத்து இழுத்து, மூக்கால் கொஞ்சம், நெஞ்சால் மிச்சம். நிக்கலஸின் மேசை பின்னால் நின்று விம்மியது. பாட்டு நல்ல பாட்டுத்தான். ஆனால் மண்டபம் வேறொன்றுக்காகக் காத்திருந்தது.

“என்ன, இங்கிலீஸ் பாட்டோ?”

“நாட்டைப் பற்றி ஒரு சொல்லும் வரேல்லையே.”

“கண்ணன் எங்க?”

“தொப்பியையாவது கழட்டலாம். படங்கள் இருக்கிற இடம்.”

பாட்டு முடிந்தபோது நாலு பேர்தான் கை தட்டினார்கள். பின்வரிசையில் கதிரைகள் இழுபடும் சத்தம் கேட்டது. தர்ஷனாவின் முகம் வெளிறிப்போயிற்று. அவள் குனிந்து கித்தாரின் வாரைக் கழற்றப்போவதைக் கண்டதும், ஸ்ரனிஸ்லாஸ் தன் வயதுக்குத் தகாத வேகத்தில் மேடையில் பாய்ந்தார்.

“என்ன செய்யிறீங்கள்?” என்று மகள் டேனிஷில் மெல்லக் கேட்டாள்.

அவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டார். “சனங்கள், இருங்கோ! பாட்டு இங்கிலீஸ்தான். கருத்துத் தமிழ். நான் விளங்கப்படுத்திறன்.”

சொல்லி முடித்த பிறகுதான் முன்வரிசையில் துஷாரா இருப்பதைக் கண்டார். இந்த மண்டபத்தில் இளசுகளுக்கு ஆங்கிலம் வரும், தமிழ் அரைகுறை. பெரிசுகளுக்குத் தமிழ் வரும், ஆங்கிலம் அரைகுறை. இரண்டும் முழுசாக வந்தது துஷாரா ஒருத்திக்குத்தான். கிழமை நாட்களில் உயர்பள்ளியில் ஆங்கிலமும் சனிக்கிழமைகளில் தமிழும் படிப்பிக்கிறவள். பிழை கண்டால் பெற்ற தாயையும் விடமாட்டாள் என்று பேர். அவள் கையைக் கட்டிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நனைந்த பிறகு முக்காடு எதற்கு?

“இப்ப படிச்ச பாட்டு, ஒருத்தன் விட்டிட்டு வந்த வீட்டைப் பற்றினது. வீடு அங்க நிக்குது. பூட்டின திறப்பு மட்டும் இஞ்ச இவன்ர பொக்கற்றில கிடக்குது.”

“த்சொ, த்சொ” என்றது மண்டபம். சிவானந்தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எழும்பினவர்கள் திரும்பக் கதிரையில் இருந்தார்கள். துஷாராவின் ஒரு புருவம் மேலே போயிற்று.

“அடுத்த பாட்டு ஒரு மேய்ப்பனைப் பற்றினது. துலைஞ்சு போன குட்டியைத் தேடிப் போறான். ஆர் அந்த மேய்ப்பன் எண்டு பாட்டில சொல்லேல்ல. அவரவர் விருப்பம்.”

பரமேஸ்வரி கண்ணனைக் கும்பிட்டாள். விக்ரோரியா சிலுவை போட்டாள். தர்ஷனா பாடினாள். இந்த முறை மண்டபம் முழுவதும் கை தட்டியது. கோலாட்டத் தடிகளும் சேர்ந்து தட்டுப்பட்டன. துஷாராவின் மற்றப் புருவமும் மேலே போயிற்று.

தர்ஷனா தொப்பியைக் கழற்றிக் கீழே வைத்தாள். “இது கடைசிப் பாட்டு” என்று தமிழில் சொன்னாள். உடனே எல்லாத் தலைகளும் ஸ்ரனிஸ்லாசின் பக்கம் திரும்பின.

அவரிடம் சரக்கு முடிந்துவிட்டது. நாடும் போயிற்று, சாமியும் போயிற்று. வாயைத் திறந்தார். பொய் ஒன்றும் அகப்படவில்லை. பொய் அகப்படாத மனிதன் என்ன செய்வான்?

“இது ஒரு மனுசன்ர கதை” என்றார். “விடியக் காலமை சைக்கிளில வேலைக்குப் போறவன். அவன்ர மனுசி அடுப்படியில, குசினி யன்னலில நிப்பா. தெரு மூலையில அவன் திரும்பிப் பாத்துக் கையைக் காட்டுவான். அவ குசினி லைட்டை ஒருக்கா நூத்து, திரும்பப் போடுவா. கண்டிட்டன் எண்டு அர்த்தம். இவ்வளவுதான் அவையின்ர காதல்.”

யாரோ சிரித்தார்கள். பிறகு நிறுத்திக்கொண்டார்கள்.

“பிறகு மனுசி செத்துப்போனா. அவன் வேலைக்குப் போகத்தானே வேணும். போறான். யன்னல் இருட்டு. உள்ளுக்கு ஒருத்தரும் இல்லை எண்டு அவனுக்குத் தெரியும். தெரிஞ்சும் அந்த மூலையில சைக்கிளை நிப்பாட்டி, திரும்பி, அந்த இருட்டு யன்னலுக்குக் கையைக் காட்டுறான். ஒவ்வொரு நாளும். விசரன்.”

இதை அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை. தேவாலயத்துப் பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம்கூடச் சொன்னதில்லை. ஸ்ரனிஸ்லாஸ் ஒலிவாங்கியை அதன் கம்பியில் செருகினார். ஒருமுறையில் செருகுப்படவில்லை.

தர்ஷனா பாடத் தொடங்கவில்லை. மண்டபத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கித்தாரைச் சுருதி சேர்த்தாள். சேர்த்துக்கொண்டே இருந்தாள். நிக்கலஸ் அவளை என்னவோ கேட்டான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

கெடுத்துவிட்டேன் என்று நினைத்தார் ஸ்ரனிஸ்லாஸ். ஒரு சொல்லும் மாற்றமாட்டேன் என்று சொன்ன பிள்ளை. அவளுடைய பாட்டின் தலையில் என்னுடைய ஒப்பாரியைத் தூக்கி வைத்துவிட்டேன். இனி அவள் வீட்டுப் பக்கம் எட்டியும் பார்க்கமாட்டாள்.

அவர் மேடையைவிட்டு இறங்கிப் பின்கதவுக்குப் பக்கத்தில், கோட்டுகள் தொங்கும் இடத்தில் போய் நின்றார். அங்கே நின்றுதான் பாட்டைக் கேட்டார். ஒரு சொல்லும் விளங்கவில்லை. குரல் மட்டும் வந்தது. ஜெசிந்தா குசினிக்குள் நின்று யாரையோ கூப்பிடுவதுபோல இருந்தது. பாட்டு முடிந்ததும் மண்டபம் எழும்பி நின்று கை தட்டியது. பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். எல்லாம் தன்னுடைய புளுகுக்குக் கிடைத்த கைதட்டல் என்று அவருக்குத் தெரியும். தெரிந்ததால் இன்னும் வெட்கமாக இருந்தது.

கோட்டைப் போட ஒரு கையை நுழைத்தபோது துஷாரா சனத்தை விலக்கிக்கொண்டு நேரே அவரிடம் வந்தாள். ரீச்சர் கொப்பி திருத்த வருகிற நடை.

“துஷாரா, எனக்குத் தெரியும்” என்று அவர் முந்திக்கொண்டார். “பிழைதான். எல்லாம் பொய். பிள்ளைக்குச் சொல்லிப்போடாதையும்.”

“முதல் ரெண்டும் சுத்தப் புளுகு, அதை விடுங்கோ” என்றாள் துஷாரா. அவள் கண்கள் சிவந்திருந்தன. “கடைசிப் பாட்டு அச்சொட்டாச் சரி, ஒரு சொல் பிசகேல்ல. ஆனா அண்ணை, பாட்டில அந்த மனுசன் கை காட்டுற ஒவ்வொரு விடியலும் மேல் அறை யன்னலில நிண்டு திருப்பிக் கை காட்டுற மகளை மட்டும் ஏன் விட்டிட்டியள்?”