ஐந்து வயர் மோட்டர்

"ஆர் இந்தப் பெட்டியைத் தொட்டது?"

நிவேதிகா போட்ட சத்தத்தில் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையே அதிர்ந்தது. அவளுடைய கட்டுப்பாட்டுப் பெட்டியில் வயர் அறுந்தால் எரியும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"யாரும் தொடலீங்க மிஸ். பூட்டு போட்டபடிதானே இருக்கு" என்றான் எலெக்ட்ரீஷியன் ஜொனி.

அது உண்மைதான். அதனாலேயே அவளுக்கு ஆத்திரம் கூடியது.

ஊரிலுள்ள பெரிய மோட்டருக்கெல்லாம் மூன்று வயர். பதுளை விரிவுரையாளர் நிவேதிகா செய்த மோட்டருக்கு ஐந்து. ஒன்று அறுந்தாலும் பெட்டி சுமையை மற்றவற்றுக்குப் பிரித்துக் கொடுத்து ஓட்டிவிடும். மேல்மாடியில் கொழுந்து வாட்டும் பெரிய விசிறியைச் சுற்றுவது அந்த மோட்டர்தான். இரண்டு அறுந்தாலும் ஓடும் என்று அவள் ஒருமுறை சொன்னதற்கு, "கனவு காணாதையும் பிள்ளை" என்று சிரித்தவர் பேராசிரியர் சிற்றம்பலம். இன்று அவர் நேரில் வருகிறார். அவருக்குத் திருப்தியில்லை என்றால் ஆராய்ச்சிக்கு மூடுவிழாதான்.

கீழே பெட்டியில் ஐந்து வயரும் ஒழுங்காக மாட்டியிருந்தன. அப்படியென்றால் விளக்குதான் பொய் சொல்கிறது. சனியனே என்று திட்டிக்கொண்டு அதைப் பிடுங்கி எறிந்தாள்.

தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான டீ மேக்கர் மரியநாயகம் மூச்சிரைக்க ஓடிவந்தார். "விசிறி நொண்டுது மிஸ்! கொழுந்து வாட மாட்டேங்குது. தோட்டத்துத் தொர வந்தா என்னையத்தான் கிழிப்பாரு!"

"எனக்கும் கண் இருக்குது!"

மின்னோட்டத்தைக் கூட்டினாள். விசிறி வேகம் பிடித்தது. கூடவே கருகல் நாற்றமும் இறங்கி வந்தது.

"மோட்டரு கொதிக்குதுங்க" என்றார் மரியநாயகம்.

"உங்கட மேசை விசிறியை அதுக்குப் பக்கத்தில வையுங்கோ!"

ஜொனி அதைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடினான். மரியநாயகத்துக்கு வேர்த்துக் கொட்டியது.

சிற்றம்பலம் வந்துசேர்ந்தார். மூக்கைச் சுளித்தார். "என்ன மணக்குது?"

"தேயிலை, சேர்" என்றாள் நிவேதிகா கூசாமல். "இப்ப ஒரு வயரைத் துண்டிக்கப் போறன். நிக்காது, பாருங்கோ."

ஒரு சுவிட்சைத் தட்டினாள். மேலே விசிறி முனகியது, தடுமாறியது, அப்படியே நின்றது.

"நிண்டிட்டுதே" என்றார் பேராசிரியர். "இதுக்கு மேல என்னத்தைப் பாக்கிறது? திட்டத்தை மூடுவம்."

அவ்வளவுதான். நிவேதிகா பெட்டியை எட்டி உதைத்தாள். "எத்தினை வருஷ உழைப்பு! இந்தத் தோட்டத்துக்கு ஏன்தான் கொண்டுவந்தனோ! ஒருத்தரும் ஒண்டும் தொடேல்லையாம், அதுவா நிண்டதாம்!" கோபத்தில் கண்ணீரே வந்துவிட்டது.

தேநீர்த் தட்டோடு வந்த தொழிற்சாலை வேலைக்காரி செசிலி பயந்து ஓரமாக ஒதுங்கினாள். பிறகு மெல்ல வாயைத் திறந்தாள்.

"மிஸ், ஏசாதீங்க. எல்லா மோட்டருக்கும் மூணு வயருதானே, இதுக்கு ரெண்டு சும்மா கெடக்குதுன்னு ஜொனி நேத்து மேல மாடியில வெட்டி எடுத்துட்டுப் போயி மாதா கோயில் திருநாளுக்கு லைட்டு போட்டுட்டான். ராத்திரி பூரா மூணு வயருலயே ஓடுன மோட்டரு, இப்ப மட்டும் ஏங்க நின்னுச்சு?"