எழுபதுக்கு அறுபத்து நாலு

அந்த வெள்ளிக் காசை அனுப்பியே தீருவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முடிவெடுத்தேன். அதை மனைவியிடம் சொல்வதா வேண்டாமா என்று முடிவெடுக்க மேலும் பதினோரு நாள் ஆனது. பெரிய விஷயங்களில் நான் அவசரப்படுவதில்லை.

அது வெளிநாட்டுக் காசு. சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்த என் சித்தப்பா, எங்கள் கல்யாணத்துக்கு ஒரே மாதிரி இரண்டு கொண்டுவந்து, எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று என்று கொடுத்தார். ஒரு பக்கம் பாய்மரக் கப்பல், மறுபக்கம் மூக்கு நீண்ட ஒரு ராஜா. என்னுடையது மேசை டிராயரில் கறுத்துக் கிடந்தது. அவளுடையது தையல் மிஷின் பக்கத்தில், பொத்தான் டப்பாவில், ஒரு காகிதத்துக்குள் கறுத்துக் கிடந்தது.

எதிர்வீட்டு ரிட்டயர்டு பேங்க் மேனேஜர்தான் கிளப்பிவிட்டவர். பழைய காசுகளைச் சேதமில்லாமல் சுத்தம் செய்து, எழுபதுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, கண்ணாடி போன்ற பெட்டியில் சீல் வைத்துத் தரும் நிறுவனம் இருக்கிறதாம். "ஆனா, உங்க காசெல்லாம் அந்த ரகமா இருக்காது சார்" என்றார். அந்த 'ஆனா'வை என்னால் விழுங்க முடியவில்லை.

மனைவியிடம் சொன்னேன். கட்டணம் எவ்வளவு என்றாள். சொன்னேன். மிஷினை நிறுத்தினாள். அந்தப் பணத்தில் இதற்குப் புது மோட்டார் போடலாம் என்றாள். மதிப்பெண் குறைந்தால் கட்டணமும் போகும், எதிர்வீட்டுக்காரர் முன்னால் மூக்கும் உடையும் என்றாள். கூடினால் காசின் விலை பல மடங்கு ஏறும் என்று நான் அரை மணி நேரம் வாதாடினேன். கடைசியில், "ஒண்ணே ஒண்ணு அனுப்புங்க. உங்க காசை மட்டும்" என்றாள். குடும்ப வாழ்க்கையில் நான் ஜெயித்த முதல் வழக்கு அது.

ஜெயித்தவன் சும்மா இருந்திருக்கலாம். பளபளப்பாக இருந்தால் மதிப்பெண் கூடுமே என்று தோன்றியது. அவள் கடைக்குப் போன நேரத்தில் பல்பொடியும் பழைய பிரஷுமாக உட்கார்ந்து தேய்த்தேன். ராஜாவுக்கு அப்படி ஒரு களை வந்தது. மூக்குதான் கொஞ்சம் குறைந்துவிட்டது.

அதே பெருமையோடு கடைத்தெரு நாணய வியாபாரியிடம் காட்டினேன். லென்ஸை வைத்துப் பார்த்தார். லென்ஸை எடுத்துவிட்டும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"யார் சார் தேய்ச்சது?"

"வீட்ல..." என்று இழுத்தேன்.

"அழுக்குன்னா மருந்து போட்டு எடுத்துடுவாங்க. தேய்ச்ச தோலை யாராலயும் ஒட்ட முடியாது. இதுக்கு மதிப்பெண்ணே போட மாட்டாங்க. தேய்க்காதது வேற ஒண்ணு இருந்தா அனுப்புங்க."

இருந்தது. பொத்தான் டப்பாவில்.

அன்று சாயங்காலம் அவள் குளிக்கப் போனபோது மாற்றினேன். மாற்றியது என்றுதான் சொல்வேன். அதற்கு வேறு பெயர் உண்டு, எனக்கும் தெரியும். என் பளபளப்பை அவள் காகிதத்தில் சுற்றினேன். அவள் கறுப்பை என் உறையில் போட்டேன்.

மறுநாள் படிவத்தை எடுத்ததும் அவளே கையை நீட்டினாள். என் கையெழுத்து, மையில் விழுந்து எழுந்த எறும்பு நடந்த மாதிரி இருக்குமாம். தானே நிரப்பி அனுப்பிவிடுகிறேன் என்றாள். கொடுத்தேன். தன் காசைத் தானே எனக்காக அனுப்பிவைக்கிறாளே என்று சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. இருமி மறைத்தேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஏழு வாரம் கழித்துப் பார்சல் வந்தது. எதிர்வீட்டு மேனேஜரை நானே போய்க் கூட்டிவந்து, அவர் கண்முன்னால் பிரித்தேன். சீல் வைத்த பெட்டிக்குள், நீலமும் பொன்னும் கலந்த மெருகோடு ராஜா உட்கார்ந்திருந்தார். மூக்கு முழுசாக இருந்தது. எழுபதுக்கு அறுபத்து நாலு. பள்ளிக்கூடத்தில் நூற்றுக்குக்கூட நான் அவ்வளவு வாங்கியதில்லை.

மேனேஜர் என் கையைக் குலுக்கினார். தப்பாக எடைபோட்டுவிட்டதாக ஒப்புக்கொண்டார். பழம்பொருளைப் பாதுகாக்கப் பொறுமை வேண்டும், கை வைக்காமல் இருக்கும் அடக்கம் வேண்டும் என்று அவருக்குக் கால் மணி நேரம் பாடம் எடுத்தேன். என் உயரம் நாலு அங்குலம் கூடியிருந்தது.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சான்றிதழை உரக்கப் படித்தார். நாடு, உலோகம், எடை. 'உரிமையாளர்' என்ற இடத்துக்கு வந்ததும் நின்றார். என்னைப் பார்த்தார். மறுபடி படித்தார். அது என் மனைவியின் பெயர்.

அவள் மிஷினைவிட்டு எழுந்து வந்து பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பல்பொடி வாசனையடிக்கும் காகிதத்தைப் பிரித்து, பளபளக்கும் காசை என் உள்ளங்கையில் வைத்தாள்.

"என் காசுக்கு அறுபத்தி நாலு. உங்க நாணயம்தான் தேஞ்சுபோச்சு" என்றாள்.